யாரும் ஏற்காத சவால்

வீட்டுக்குப் பிலீனோஸ் வரும் நாட்களில் திமாரெத்தே தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்நிய ஆண் எதிரே முகம் காட்டுவது விதவைக்கு நல்ல பேர் தராது, அதுவும் வழக்கு நடக்கும் நேரத்தில். கை தன் பாட்டுக்கு நெய்துகொண்டிருக்கும். காது முற்றத்தில் கிடக்கும். அங்கே அவள் மகன் ஆர்கியாஸ் ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

ஏதென்ஸில் வழக்கு என்று வந்துவிட்டால் அவரவர் வாயால்தான் பேசியாக வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவனுக்காக மேடையேறுகிறவனை நடுவர்கள் காறித் துப்புவார்கள். ஆனால் எழுதிக் கொடுப்பதை யார் கண்டார்கள்? பிலீனோஸ் எழுதிக் கொடுப்பவன். சிசிலியிலிருந்து பிழைக்க வந்தவன், இந்த ஊர்க் குடிமகன் அல்ல. அவன் எழுத்தில் அவன் இருக்கவேமாட்டான். தோல் பதனிடுகிறவனுக்கு எழுதினால் அந்தப் பேச்சில் தோல் நாற்றம் அடிக்கும். பதினெட்டு வயதுப் பையனுக்கு எழுதினால் எந்த இடத்தில் தடுமாற வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவைப்பான்.

“இங்க கொஞ்சம் திக்கணும் தம்பி. ‘என் அப்பா’ன்னு சொன்னதும் நிறுத்து. எச்சில் முழுங்கு.”

“எனக்குத் திக்கவே வராதுங்களே.”

“அதான் சிக்கல். அப்பா முகத்தையே பார்க்காத புள்ள, அப்பான்னு சொல்றப்ப எண்ணெய் ஊத்தின மாதிரி பேசினா எவன் நம்புவான்? இன்னொரு வாட்டி சொல்லு.”

ஆர்கியாஸ் ஆரம்பித்தான். “நடுவர்களே, என் அப்பா தைசியாஸ் கப்பல் படையில் போய்ச் செத்தபோது நான்... நான்...” மறந்துபோய்விட்டது.

“அம்மா வயித்துல இருந்தேன்,” என்றாள் மூலையில் பார்லி அரைத்துக்கொண்டிருந்த சீரா. அரைகல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிலீனோஸ் சிரித்தான். “பேசாம இவளையே மேடையேத்திடலாம் போலிருக்கே.”

தறிக்குப் பின்னால் திமாரெத்தேயின் கை நின்றது.

வழக்கு போட்டவன் ஸ்திராத்தோன், இறந்துபோன தைசியாஸின் தம்பி. இத்தனை வருஷமும் அவன்தான் பையனுக்குக் காப்பாளன். வயலும் வீடும் அவன் கைப்பிடியில் இருந்தன. பையனுக்குப் பதினெட்டு முடிந்து, ஊர்ப் பதிவில் பேர் ஏறி, சொத்தைக் கையில் கேட்ட அன்றுதான் அவனுக்கு நியாயம் நினைவுக்கு வந்தது. “இவன் எங்க அண்ணி பெத்த புள்ளையே இல்ல. எவளோ பெத்ததைப் பானைக்குள்ள வெச்சு உள்ள கொண்டுவந்தாங்க,” என்று சந்தையில் நின்று சொன்னான். அன்றிலிருந்து தெருப் பையன்கள் ஆர்கியாஸைப் பார்த்தால் “பானை, பானை” என்று கூவினார்கள்.

ஸ்திராத்தோன் சொன்னதில் பானை மட்டும்தான் பொய். 

அந்த வருஷம் திமாரெத்தேயின் வயிற்றில் கட்டியிருந்தது கம்பளித் துணி. நிஜமான வயிறு சீராவுக்கு இருந்தது. தைசியாஸ் கொடுத்த வயிறு. அவன் கப்பலேறிய பிறகு அது தெரிய ஆரம்பித்தது. திமாரெத்தே அவளைச் சாட்டையால் அடித்தாள். அடித்துக்கொண்டிருக்கும்போதே தைசியாஸ் செத்த சேதி வந்தது. பிள்ளையில்லாத விதவை, வந்த வழியே தன் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவன் பார்த்து எந்தக் கிழவனுக்குக் கொடுக்கிறானோ அங்கே போக வேண்டும். வீடும் நிலமும் கொழுந்தனுக்கு. திமாரெத்தே சாட்டையைக் கீழே போட்டாள். சீராவை மாடி அறையில் வைத்துப் பூட்டினாள். தன் இடுப்பில் கம்பளியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

இது தெரிந்தவர்கள் மூன்று பேர். மருத்துவச்சி எப்போதோ செத்துவிட்டாள். பையனுக்கு நெற்றியும் மூக்கும் அப்படியே தைசியாஸ். பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அடிமை பெற்றது அடிமைதான் என்று சட்டம் சொல்கிறது. மூக்கைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

“என்கிட்ட உண்மையைச் சொல்லாதீங்க,” என்று பிலீனோஸ் முதல் நாளே தறியைப் பார்த்துச் சொல்லியிருந்தான். “உண்மை தெரிஞ்சா எழுத்து இறுகிப்போகும். நம்புற மாதிரி என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க போதும்.”

பேச்சுப் பயிற்சி நடந்த அன்று அவன் புதிதாக ஒன்றைச் சொன்னான்.

“பிரசவத்தப்ப கூட இருந்தது யாரு?”

“மருத்துவச்சி. செத்துட்டா. அப்புறம் நம்ம சீரா,” என்றான் ஆர்கியாஸ்.

“பலே. அப்ப சவால் விடலாம்.”

சவால் என்பது எல்லோரும் அறிந்ததுதான். அடிமையின் வாக்கு சும்மா சொன்னால் செல்லாது. வதைச் சக்கரத்தில் கட்டி இழுக்கும்போது சொன்னால் மட்டுமே அது சாட்சி. ஆகவே வழக்காடுகிறவன் எதிராளியைப் பார்த்துச் சொல்வான்: இதோ என் அடிமை, கொண்டுபோய் வதைத்துக் கேள். எதிராளி மறுப்பான். மறுத்ததை அன்று கூட இருந்தவர்கள் நீதிமன்றத்தில் சொல்வார்கள். பார்த்தீர்களா நடுவர்களே, உண்மைக்கு அஞ்சுகிறான் என்று பேச்சில் ஒரு வரி வரும்.

“ஏத்துக்கிட்டா?” தறிக்குப் பின்னாலிருந்து திமாரெத்தே கேட்டாள். அவள் குரல் முற்றத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஏத்துக்கவே மாட்டாங்கம்மா. நான் எழுதின பேச்சுல பாதிக்கு மேல இந்த வரி இருக்கு. ஒருத்தன் ஏத்துக்கிட்டது கிடையாது. அடுத்தவன் அடிமை என்ன சொல்லுவான்னு எவனுக்குத் தெரியும்? தன் வழக்கைத் தூக்கி அடிமை வாயில போட எந்த மடையனும் துணிய மாட்டான்.”

“வேண்டாமே.”

“ஏம்மா?” ஆர்கியாஸ் திரும்பிப் பார்த்தான். அந்த மூக்கு. “பயமா? சீரா போய் என்ன சொல்லிடப் போறா?”

சொல்வதற்குத் திமாரெத்தேயிடம் ஒரு காரணமும் இல்லை. மறுத்தால் மறுத்ததே ஒரு வாக்குமூலமாகிவிடும், இந்த முற்றத்திலேயே, இந்தப் பையனின் எதிரிலேயே. “நல்லா வேலை செய்யறவ, அதான்,” என்றாள்.

“வேலை கெடாதும்மா. வெறும் வார்த்தை,” என்றான் பிலீனோஸ்.

அரைகல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை திமாரெத்தே சமையல்கட்டுக்குப் போனாள். சீரா பருப்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேம்மா.”

“வெறும் வார்த்தைதானாம்.”

“சரிம்மா.” கரண்டியைத் தட்டி வைத்தாள். “அந்த எச்சில் முழுங்குற இடம் சின்னய்யாவுக்கு வரலை. அவசரப்படறாரு. சொல்லிக் கொடுங்கம்மா.”

*

ஸ்திராத்தோன் ஏற்றுக்கொண்டான்.

சந்தையில், சாட்சிகளுக்கு நடுவே, ஆர்கியாஸ் தன் சவாலைச் சொல்லி முடித்ததும் அவன் தாடியைத் தடவிக்கொண்டானாம். “சரிடா பானை. நாளைக்கே கூட்டிட்டு வா. சக்கரம் நான் கொண்டுவரேன்,” என்றானாம். சேதி சொல்ல வந்த பிலீனோஸின் முகம் வெளுத்திருந்தது. அவன் செய்த தவறு கெட்டிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. எதிராளியும் தன்னைப்போல் கணக்குப் போடுவான் என்று நம்பிவிட்டான். ஸ்திராத்தோன் கணக்குப் போடவில்லை. அவன் வெறுத்தான், அவ்வளவுதான்.

“இப்ப பின்வாங்க முடியாதா?” என்று திமாரெத்தே கேட்டாள்.

“பின்வாங்கினா, உண்மைக்குப் பயப்படறோம்கிற அந்த வரியை உங்க கொழுந்தன் பேசுவாரும்மா.” பிறகு பையனிடம் திரும்பினான். குரல் தொழிலுக்குத் திரும்பியிருந்தது. “தம்பி, கேளு. ரெண்டு பக்கமும் எதிர்ல நிப்பீங்க. யார் வேணும்னாலும் ‘போதும்’னு சொல்லி நிறுத்தலாம். நீ சொல்லக்கூடாது. என்ன ஆனாலும் சொல்லக்கூடாது. நீ நிறுத்தினா, அவ எதையோ சொல்ல வந்தா, நீ வாயை அடைச்சேன்னு ஆயிடும்.”

“நான் ஏன் நிறுத்தப்போறேன்?” என்றான் ஆர்கியாஸ்.

மறுநாள் காலை, ஹெபைஸ்டோஸ் கோயில் பக்கம் அவர்கள் கிளம்பினார்கள். சீரா மாவு ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு பின்னால் நடந்தாள். வாசலில் திமாரெத்தே அவள் தோளைத் தொட்டாள். ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. பையன் எட்டு வைத்து முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

“பயப்படாதீங்கம்மா,” என்றாள் சீரா. இத்தனை வருஷத்தில் அவள் எஜமானிக்குச் சொன்ன ஒரே ஆறுதல் அது.

திமாரெத்தே அடுப்படியில் ஹெஸ்டியா தேவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அங்கே வேண்டிக்கொள்ளத்தான் போனாள். வாய் முணுமுணுக்க, மனம் தன் போக்கில் வேறொன்றை வேண்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைக் காதுகொடுத்துக் கேட்டாள். வாயைத் திறப்பதற்குள் அவள் செத்துப்போகட்டும். அதுதான் வேண்டுதல். திமாரெத்தேக்கு அதிர்ச்சியாக இருக்கவேண்டியது. இல்லை. தறியில் அறுந்த இழையைக் கண்டுபிடித்ததுபோல, ஓ இங்கேயா, என்றிருந்தது. அந்த வேண்டுதலை மாற்றாமல் விட்டுவிட்டாள்.

பிற்பகலில் சீராவைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிவந்தார்கள். தோள்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. கைகள் அவளுடையவைபோல இல்லை. பக்கத்தில் வைத்த இரண்டு பொருள்கள்போலக் கிடந்தன.

“ஜெயிச்சோம்மா!” ஆர்கியாஸ் உள்ளே வந்ததும் தண்ணீர் கலந்த திராட்சை மதுவை ஒரே மூச்சில் குடித்தான். “ஒரே பேச்சு. ‘அம்மா பெத்த புள்ள, அம்மா பெத்த புள்ள.’ சித்தப்பா கேள்வியை எப்படி எப்படியோ மாத்திக் கேட்டாரு. ‘உனக்கு விடுதலை வாங்கித் தரேன், சொல்லுடி’ன்னாரு. அப்பவும் அதே. கடைசியில அவருதான் ‘போதும்’னாரு. நான் சொல்லலை.”

“நீ சொல்லலை,” என்றாள் திமாரெத்தே.

“ஒரு தடவைகூட. ஆனா ஒண்ணும்மா. அவ என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும். கண்ணைக் கொட்டாம. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.” அத்திப் பழத்தைக் கடித்தான். “திமிரு பிடிச்சவ.”

அன்று திமாரெத்தே தன் கையால் சீராவுக்குக் கஞ்சி ஊட்டினாள். அந்த வாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடித்துக்கொண்டதில் உதடு வீங்கியிருந்தது. இந்த வாய்தான் என் வீட்டைக் காப்பாற்றியது என்று நினைத்தாள். நன்றி வரவில்லை. வந்தது வேறு. என்னை அந்தச் சக்கரத்தில் கட்டியிருந்தால் முதல் திருகலிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவனுக்காகக்கூட நான் தாங்கியிருக்கமாட்டேன். அப்படியானால் அவனுக்கு அம்மா யார்? பதினெட்டு வருஷம் மடியில் வைத்து, காய்ச்சலில் விழித்திருந்து, தன் பால் இல்லாத மார்பைச் சப்பக் கொடுத்து வாங்கிய பேர் அது. அதை ஒரே பகலில் இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அதுவும் தன்னுடையது இல்லை என்று சொல்லிச் சொல்லியே.

கரண்டி சீராவின் பல்லில் இடித்தது. திமாரெத்தே கையைத் தளர்த்தவில்லை.

“சின்னய்யா எப்பம்மா பேசறாரு?” என்றாள் சீரா, விழுங்கிவிட்டு.

*

பேச்சு அருமையாக அமைந்தது. பிலீனோஸ் பழைய வரியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தான். ‘சுதந்திர மனிதர்கள் பொய் சொல்வார்கள் நடுவர்களே, சக்கரத்தில் கிடக்கும் உடம்புக்குப் பொய் தெரியாது.’ நடுவர்கள் இரைந்து ஆமோதித்தார்களாம். ‘என் அப்பா’ என்ற இடத்தில் ஆர்கியாஸ் எச்சில் விழுங்க மறந்துவிட்டான். ஆனால் நிஜமாகவே தொண்டை அடைத்ததாம். தீர்ப்பு அவன் பக்கம்.

அன்றே திமாரெத்தே மகனிடம் கேட்டாள். “சீராவை விடுதலை பண்ணிடலாம்டா. கை விளங்காம கிடக்கா. நீ பொறந்தப்ப வாக்குக் கொடுத்திருந்தேன்.”

வாக்குக் கொடுத்தது உண்மை. அதைவிட, அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்பது பெரிய உண்மை. முற்றத்தின் மூலையிலிருந்து பையனைத் தொடரும் அந்தக் கண்களை இனி அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“பண்ணலாம்மா. பிலீனோஸைக் கேட்டுக்கறேன்,” என்றான் ஆர்கியாஸ். இப்போதெல்லாம் பிலீனோஸைக் கேட்காமல் அவன் தலைமுடிகூட வெட்டிக்கொள்வதில்லை.

பிலீனோஸ் தலையை ஆட்டினான். “கூடவே கூடாது. விடுதலை ஆனவளை வதைச்சுக் கேக்க முடியாது. ‘பார்த்தீங்களா, மறுபடி கேட்டுடுவாங்கன்னு பயந்து அவசரமா விடுதலை பண்ணிட்டான்’னு உங்க சித்தப்பா பேசுவாரு. நானே நாலு பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கேன். அவ இந்த வீட்ல அடிமையா, எப்ப கேட்டாலும் கொடுக்கிற மாதிரி இருக்கணும். அதுதான் உனக்குப் பாதுகாப்பு.”

ஸ்திராத்தோன் விடுகிற ஆளில்லை. வீட்டுக்குள்ளேயே பேரம் பேசிச் சீராவைத் தயார் செய்தார்கள், விடுதலை ஆசை காட்டியே அவளைப் பொய் சொல்ல வைத்தார்கள் என்று ஆர்கியாஸ் பக்கத்துச் சாட்சிகள்மேல் புது வழக்குப் போட்டான். சந்தையில் ஆர்கியாஸைக் கண்டதும் இரைந்தான். “டேய் பானை! ஒரு கிழிஞ்ச அடிமைக்குப் பின்னால ஒளிஞ்சிட்டிருக்கியே, வெட்கமா இல்ல?”

சுற்றிலும் கூட்டம். ஆர்கியாஸுக்கு இப்போது பேச்சு வரும். தன் குரல் கூட்டத்தில் எப்படி விழும் என்று தெரியும். ஜெயித்த வரி எது என்றும் தெரியும்.

“ஒளியலை சித்தப்பா! மறுபடியும் எடுத்துக்கோங்க! இன்னைக்கு வேணுமா, நாளைக்கு வேணுமா? என் வீட்டுக் கதவு திறந்திருக்கு!”

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்த பிறகு ஸ்திராத்தோன், “நாளைக்கு,” என்றான்.

ஆர்கியாஸ் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டேதான் வந்தான். “கிழவரு திரும்ப மாட்டிக்கிட்டாரும்மா. அவ மாத்திச் சொல்ல மாட்டா. கல்லு அவ.” பின்னாலேயே பிலீனோஸும் வந்தான். இந்தத் தடவை அவன் முகம் வெளுக்கவில்லை.

திமாரெத்தே தறியை விட்டு எழுந்து முற்றத்துக்கே வந்துவிட்டாள். தலையில் முக்காடு இல்லை.

“ஆர்கியாஸ். வேண்டாம்டா. அவ உன்னோட...”

“என்னோட?”

அவன் முகத்தைப் பார்த்தாள். நிலம், வீடு, ஊர்ப் பதிவில் ஏறிய பேர், இப்போது புதிதாக வந்த அந்தக் கணீரென்ற குரல். ஒரே சொல்லில் எல்லாம் போய்விடும். அந்தச் சொல் நாக்குவரை வந்திருந்தது. அவனுக்காகவே விழுங்குகிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள்.

“உன்னோட நல்லதுக்காக உழைச்சவ,” என்றாள். “உடம்பு தாங்காது.”

“தாங்காட்டி இன்னும் நல்லதும்மா,” என்றான் ஆர்கியாஸ். “அப்புறம் கேக்க ஆள் இருக்காது இல்ல.” கேலிக்குச் சொன்னானா, யோசித்துச் சொன்னானா என்று தெரியவில்லை. காலைக் கழுவ உள்ளே போய்விட்டான்.

பிலீனோஸ் போகாமல் நின்றான். சமையல்கட்டை ஒரு தடவை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா, நாளைக்குத் தம்பி அவளுக்குப் பின்பக்கமா நிக்கட்டும்.”

“ஏன்?”

“போன தடவை நானும் அங்க இருந்தேன். அவ எங்க பார்த்தா, எப்படிப் பார்த்தான்னு நான் கவனிச்சேன். நல்லவேளை, உங்க கொழுந்தன் சக்கரத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு. நாளைக்கு அவரும் கவனிச்சிட்டா, அந்த ஒரு பார்வை போதும்.” மேலங்கியைத் தோளில் சரிசெய்துகொண்டான். “நான் எதுவும் தெரிஞ்சுக்கலைம்மா. எழுதறவனுக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லது.”

அவன் போன பிறகு திமாரெத்தே சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள். சீரா தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். எழுந்திருக்க முயன்றாள், கை ஊன்ற முடியாமல் அப்படியே இருந்தாள்.

“நாளைக்கா அம்மா?”

“நாளைக்கு.”

சீரா தலையசைத்தாள்.  பிறகு, எப்போதும் எதுவும் கேட்காதவள், கேட்டாள்.

“சின்னய்யா போன தடவை மாதிரி எதிர்லதானே நிப்பாரு? முகம் தெரிஞ்சா போதும்மா. தாங்கிடுவேன்.”

முற்றத்தில் ஆர்கியாஸ் புதுப் பேச்சை ஆரம்பித்திருந்தான். அழகாக வந்தது. எங்கேயும் மறக்கவில்லை. எடுத்துக் கொடுக்க இனி யாரும் தேவையில்லை.

“எதிர்லதான் நிப்பான்,” என்றாள் திமாரெத்தே.

சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனாள், நாளைக்கு அவளுக்குப் பின்பக்கம் நிற்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்ல.